பிரிவு ஏழு

மூன்றாம் எண் நிறுத்தத்தில் ஒரு நீலக் கார்.
கண்ணாடிகளில் உள்ளிருந்து ஒட்டிய கறுப்புத் துணி.
மே இருபதில் ஏறிய சூரியன்
ஜூலை பாதிவரை இறங்காத கரை இது,
தூங்க வேண்டியவர்
இருட்டைத் தாமே தைத்துக்கொள்ள வேண்டும்.

நான் அபராதச் சீட்டு எழுதுகிறவன்.
பத்தொன்பது வருஷமாக
முகம் பாராமல் துடைப்பானுக்கு அடியில் செருகிவிட்டு
அடுத்த வண்டிக்குப் போகிறேன்.

சட்டப்புலத்தில் எல்லாம் இருக்கிறது.
அட்டையைக் காட்டினால் எந்நேரமும் திறக்கும் நூலகம்,
கட்டடங்களைக் கோக்கும் நிலத்தடி நடைவழி,
நனைந்த பனிச்சறுக்குக் காலணி உலர்த்த
ஒரு சூடான அறை (அதில் எப்போதும் ஆட்டுக்கம்பளி வாடை),
வியாழக்கிழமை வாஃபிள்,
வாடகைத் தகராறுகளுக்கு இலவச ஆலோசனை,
செவ்வாய் இரண்டிலிருந்து நான்குவரை.
விடுதியும் இருக்கிறது.
வரிசையில் அவள் எண் நானூற்றுப் பதினொன்று.

எல்லே ரிஸ்தென். கௌதுகெய்னோக்காரி.
அம்மா அங்கே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.
பிப்ரவரியில், வானத்தின் பச்சை ஒளி பார்க்க வருகிறவர்கள்
ஒரு வாரத்துக்குக் கொடுப்பது
அவள் ஒரு மாதத்துக்குக் கொடுப்பதைவிட அதிகம் என்று
வீட்டுக்காரர் கணக்குப் போட்டார்.
செவ்வாய்தோறும் ஆலோசனை மேசையில் அவள்தான் இருப்பாள்.
வெளியேற்றப்பட்டவர்கள் எதிரே அமர்ந்து அழ
காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நகர்த்தி வைப்பாள்.

மே இருபத்தெட்டு. என் கைக்கருவியில் மணி 02:50.
எழுதினேன்: பிரிவு ஏழு, இரவில் வாகனம் நிறுத்தியது,
தொள்ளாயிரம் குரோனர்.

மேல்முறையீடு நான்கு பக்கம் வந்தது.
"விதி இரவு என்கிறது. இரவு எதுவெனச் சொல்லவில்லை.
சொல்லாத சொல்லுக்கு ஊரார் கொண்ட பொருளே பொருள்.
சூரியன் மறைந்தால் இரவு.
அன்று சூரியன் மறையவில்லை.
என் கார் பகலில் நின்றது.
இணைப்பு: வானிலை நிலைய அட்டவணை."

கூட்ட அறைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள்,
அதனால் மாதிரி நீதிமன்றத்தில் விசாரணை.
மாணவர்கள் பொய் வழக்குகளை நிஜமாய் வாதாடும் அந்த அறையில்
வாழ்க்கையில் முதல்முறை நான் சாட்சி.
"அப்போது வெளிச்சம் இருந்ததா?"
இருந்தது.
"எழுதுவதற்கு விளக்குப் போட்டீர்களா?"
நான் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன், என்றேன்.
தலைவியே சிரித்துவிட்டார்.

கணக்குப் பிரிவு ஓட்லேவ் விடவில்லை:
"அப்படியானால் டிசம்பரில் யாருமே வண்டி நிறுத்த முடியாதே?"
ஒரு மூச்சு நிதானித்தாள்.
"அது டிசம்பரில் சீட்டு வாங்குகிறவரின் வழக்கு."

அங்கே ஏன் தூங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
பிரிவு ஏழில் அந்தக் கேள்வி இல்லை.
எனக்குத் தெரியும், மார்ச்சிலிருந்தே தெரியும்,
உறைந்த கண்ணாடியின் உட்புறம் மூச்சுப் படிந்திருந்ததைப் பார்த்தவன் நான்.
என்னையும் கேட்கவில்லை.

அபராதம் ரத்து.
கூடவே ஒரு திருத்தம்:
'இரவு' என்ற சொல் நீக்கப்படுகிறது;
'23:00 முதல் 06:00 வரை' சேர்க்கப்படுகிறது.
அவள் ஜெயித்தாள், இடம் போயிற்று.

புதிய பலகையைத் திருக நான்தான் போனேன்.
காரிலிருந்து இறங்கி வந்தாள், காலுறையோடு.
கேட்காமலே கையை நீட்டினாள்,
திருகாணிகளை அதில் கொட்டினேன்.
பலகையை இரண்டு முறை படித்தாள்.
"நன்றாக எழுதியிருக்கிறார்கள். ஓட்டையே இல்லை."
குரலில் கேலி இல்லை, பொறாமைதான் இருந்தது.

எங்கே போவாய், என்றேன்.
பத்தொன்பது வருஷத்தில் எந்தப் பிரிவிலும் சேராத
என் முதல் கேள்வி.

உள்ளங்கையை எண்ணினாள்.
"நான்கு வேண்டும். மூன்றுதான் இருக்கிறது."

நான்காவதைப் புல்லில் தேடினோம், முழங்காலிட்டு,
இரண்டு பேரும்.
பதினொன்றாக ஏழு நிமிடம்.
நல்ல வெளிச்சம்.